நாலு மீட்டர் வழி

ஜனவரி 9

இன்றைக்கும் நகராட்சிக்குப் போனேன். இன்றைக்கும் திட்டப் பிரிவு கிளார்க் தலையைத் தூக்காமலே "நாளைக்கு வாங்க" என்றார். இந்த மனிதர் பிறக்கிற அன்றைக்கே டாக்டரிடம் நாளைக்கு வாங்க என்று சொல்லியிருப்பார். இனி இந்த நோட்டில் அவருக்கு அதுதான் பெயர்.

விஷயம் இவ்வளவுதான். அப்பா விட்டுப்போன மனை ஒன்று. அண்ணனுக்கும் எனக்கும் சரிபாதி. முன்பக்கம் தெருவைப் பார்த்து வீடு. அதில் அண்ணனும் அண்ணியும், ஓரத்து அறையில் நானும். பின்பக்கம் வெறும் நிலம். துணிக்கொடி, உடைந்த தண்ணீர்த் தொட்டி, இடுப்பளவு களை. இதை இரண்டு மனையாகப் பிரித்து முன்பாதி அவனுக்கு, பின்பாதி எனக்கு என்று நகராட்சி ஒப்புதல் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் பின்னால் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போய்விடுவேன். ஓர் அறை, ஓர் அடுப்பு போதும். நாற்பத்தெட்டு வயதில் எனக்கென்று ஒரு வாசல் கேட்கிறேன். நாட்டையா கேட்டேன்?

ஒன்றை இரண்டாக்கும் வேலை. அதற்கு ஒரு கட்டடம், கட்டடம் நிறைய மேசை, மேசைக்கு ஒரு கொட்டாவி.

ஜனவரி 12

"நாளைக்கு" போனேன். நாளைக்கு-வாங்க இன்றைக்கு லீவு.

ஜனவரி 20

ஒருவழியாக ஃபைல் திறந்தது. திறந்தார், மூடினார், டீ குடித்தார், மறுபடி திறந்தார்.

"பின்மனைக்கு வழி எங்கம்மா?"

"வீட்டு வழியா போயிக்குவேன்."

"அது வழி இல்லைங்க. அது வீடு."

அதிசயமாக ஒரு உண்மையைச் சொல்லிவிட்டார். சட்டம் என்னவென்றால், பின்மனைக்குத் தெருவிலிருந்து நேராக ஒரு வழி விட வேண்டும். நாலு மீட்டர் அகலம். கூரை, தூண், கதவு எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. ஒப்புதல் முத்திரை விழும்போதே அந்த வழியை நகராட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் அது தெரு மாதிரி, யாரும் பூட்ட முடியாது. தீயணைப்பு வண்டி உள்ளே வரணுமாம். எனக்குத் தீப்பிடித்தால் அணைக்க இவர்களுக்கு இவ்வளவு அக்கறை இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது.

"நாலு மீட்டர்னா சும்மா இல்லைம்மா, டேப் வெச்சு அளப்போம்" என்று மிரட்டல் வேறு. யாரிடம்? நான் பல் செட் செய்கிறவள். டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். நான் மெழுகில் ஈறு கட்டி, பல் அடுக்கி, வேகவைத்து, தேய்த்துக் கொடுப்பேன். ஒரு மயிரிழை தூக்கினால் வாய்க்காரர் மறுநாளே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். என்னிடம் டேப்பைப் பற்றிப் பேசுகிறார், சட்டைப் பித்தானை ஒன்று விட்டு ஒன்று போட்டிருக்கிற மனிதர்.

சிக்கல் அது இல்லை. வழி வர வேண்டிய இடத்தில் அண்ணனுடைய கார் ஷெட் நிற்கிறது. யாரையும் கேட்காமல் கட்டியது. என்னையும் கேட்கவில்லை, நகராட்சியையும் கேட்கவில்லை.

ஜனவரி 31

அண்ணனிடம் பேசினேன். அவனுக்கு நான் வைத்த பெயர் பெரிய மனுஷன். யார் வீட்டில் எது நடந்தாலும் முன்வரிசை நாற்காலி தனக்குத்தான் என்று போய் உட்கார்ந்துவிடுவான். எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டான்.

சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். "ஷெட்டை எடுக்கணும், பின்மனைக்கு வழி விடணுமாம்" என்றேன். அவன் சிரித்தான். "எடுத்துட்டா போச்சு. உனக்கு இல்லாததா?"

உனக்கு இல்லாததா! என் சைக்கிளை அந்த ஷெட்டில் நிறுத்த விடாதவன் சொல்கிறான்.

ஆனால் காரணம் எனக்குத் தெரியும். மாடி கட்ட அவனுக்கு வங்கிக் கடன் வேண்டும். முன்மனை தனியாகப் பிரிந்து அவன் பெயரில் மட்டும் இருந்தால்தான் கடன் என்று வங்கி கறாராகச் சொல்லிவிட்டது. ஆக என்னைவிட அவனுக்குத்தான் அந்த முத்திரை அவசரம். முத்திரை வேண்டுமென்றால் வழி விட வேண்டும். வழி விட வேண்டுமென்றால் ஷெட் போக வேண்டும். பெரிய மனுஷன் சரியாக என் கையில் மாட்டினான். இந்த வீட்டில் மூளை ஒருத்திக்குத்தான் என்று அப்பா சொல்லுவார், சும்மாவா சொன்னார்?

நாங்கள் பேசும்போது அண்ணிக்காரி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த மேசை. இவளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவள். முறைக்கு அண்ணி என்று நான் "நீங்க" போடுகிறேன், வயதுக்கு நான் பெரியவள் என்று அவளும் "நீங்க" போடுகிறாள். இவ்வளவு மரியாதையாக ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காமல் இருக்கிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வாயைத் திறந்து ஒரு அபிப்பிராயம் சொல்ல மாட்டாள். "டிவி சத்தம் குறைக்கட்டுமா?" இதுதான் இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எடுத்த பெரிய முடிவு. ஊமைக்கோட்டான்.

பிப்ரவரி 17

ஒப்புதல் கொடுக்கிற நகராட்சிக் கமிட்டி இடத்தைப் பார்க்க வந்தது. ஜீப்பில் மூன்று பேர். ஒருவர் இறங்கவே இல்லை. உள்ளிருந்தே எட்டிப் பார்த்து, எங்கள் வீட்டை விட்டுவிட்டு எதிர் வீட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

கமிட்டித் தலைவர் இறங்கினார். பெரிய உடம்பு, பெரிய குரல், வாயில் மேல் வரிசை முழுக்கக் கட்டுப்பல். எங்கள் லேபில் செய்தது இல்லை, பார்த்ததும் தெரிந்துவிட்டது. எவனோ அண்ணம் சரியாகப் படியாமல் செய்திருக்கிறான். "ஷெட்" என்று அவர் சொன்னபோது மேல் செட் கீழே இறங்கி என்னைப் பார்த்துவிட்டு மேலே போனது.

"எடுத்துடுவீங்கல்ல?"

"கண்டிப்பா சார். அடுத்த வேலையே அதுதான் சார்" என்றான் பெரிய மனுஷன். வாயெல்லாம் வெல்லம்.

"அப்ப நிபந்தனையோட ஒப்புதல் குடுத்துடலாம்."

அண்ணிக்காரி டீ கொண்டுவந்தாள். குடித்தார்கள். பின்மனை வரைக்கும் ஒருத்தரும் நடக்கவில்லை, களை செருப்பில் ஒட்டுமாம். போனால் போகட்டும். நிபந்தனை என்றால் நிபந்தனைதானே? எடுக்காவிட்டால் விடுவார்களா?

ரொம்ப நாளைக்குப் பிறகு லேபில் விசிலடித்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

மார்ச் 3

வாசலில் நகராட்சி ஒரு பலகை நட்டுவிட்டுப் போயிருக்கிறது. இந்த மனையைப் பிரிப்பதில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பு. எங்கள் நிலத்தைப் பிரிக்க ஊரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். நான் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்றும் ஒரு பலகை வைத்தால் தேவலை.

பின்வீட்டு ரிட்டயர்டு ஆள் தினமும் வாக்கிங் போகிற சாக்கில் அதன் முன்னால் நின்று படிக்கிறார். நாலு வரிதான். ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதோ எழுதியிருப்பது மாதிரி படிக்கிறார். வேலை வெட்டி இல்லாத ஜென்மம்.

மார்ச் 19

ஒரு ஆட்சேபணை வந்திருக்கிறதாம்.

நாளைக்கு-வாங்க சொன்னார். யார் என்று கேட்டேன். "கமிட்டிக் கூட்டத்துல தெரிஞ்சுக்கலாம்மா." என்ன ஆட்சேபணை? "கூட்டத்துல சொல்லுவாங்கம்மா." உங்களுக்கு என்னதான் தெரியும்? "கூட்டம் ஏப்ரல் எட்டாம் தேதிம்மா."

வேறு யார்? வாக்கிங் மகராசன்தான். பின்னால் நான் வீடு கட்டினால் அவருடைய குளியலறை ஜன்னலுக்குக் காற்று வராது. அந்தக் காற்றில்தான் அவர் உயிர் வாழ்கிறார் போலிருக்கிறது.

மார்ச் 21

கேட்டே விட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், ஒருத்தி தனியா ஒரு கூரை கட்டிக்கறதுல உங்களுக்கு என்ன வயித்தெரிச்சல்?"

"என்னம்மா சொல்றீங்க?"

"ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி பேசாதீங்க. நல்லா இருப்பீங்க போங்க."

ஹோஸ் பைப்பைத் தன் காலிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது. சாயங்காலம் பெரிய மனுஷனிடம் சொன்னதும் அவனும் குதித்தான். "அந்தக் கிழத்துக்கு என்ன திமிரு! முத்திரை தள்ளிப்போச்சுன்னா என் கடன் என்ன ஆகும்?" நானும் அவனும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் எத்தனை காலம் ஆயிற்று! உட்கார்ந்து கால் மணி நேரம் அவரைத் திட்டினோம். கிட்டத்தட்ட அண்ணன் தங்கை மாதிரியே இருந்தது.

அண்ணிக்காரி காய் நறுக்கிக்கொண்டே, "அவரா இருக்காதுன்னு தோணுது" என்றாள்.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன். மறுபடி நறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஏப்ரல் 7

நாளைக்குக் கூட்டம். லேபில் லீவு சொல்லிவிட்டேன். ஆட்சேபணைக்காரர் எழுந்து நின்று நேரில் சொல்ல வேண்டும் என்பது இங்கே விதி. நல்ல விதி. அந்த ஆளைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறேன்.

பயமாகவும் இருக்கிறது. இது தவறிப்போனால் இந்த ஓரத்து அறைதான். சாகிற வரைக்கும் அவள் டிவி சத்தம், அவன் ஏப்பம்.

ஏப்ரல் 8

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

கூட்ட அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், காற்றைவிடச் சத்தம் அதிகம் தருகிற ஃபேன், கொர்ரென்று அடிக்கும் மைக். மேடையில் கமிட்டி. யாருடைய சாக்கடைப் பிரச்சினையோ முடிகிற வரைக்கும் காத்திருந்தோம். பெரிய மனுஷன் வழக்கம்போல முன்வரிசையில். நான் அவன் பக்கத்தில். அண்ணிக்காரியும் "நானும் வரேன்" என்று வந்திருந்தாள். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. அவளை யார் எதற்கு என்று கேட்டிருக்கிறோம்? பின்னால் எங்கேயோ உட்கார்ந்தாள். பின்வீட்டுக்காரரும் வந்திருந்தார். நான் அவரை முறைத்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் மனு வந்தது. தலைவர், "ஆட்சேபணை குடுத்தவங்க எந்திரிங்க" என்றார். செட் இறங்கி ஏறியது. நான் பின்வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. அவரும் யாரையோ திரும்பிப் பார்த்தார்.

அண்ணிக்காரி எழுந்து நின்றாள்.

தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். உட்காருங்க என்று கையைக்கூடக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"நான்தாங்க" என்றாள்.

பெரிய மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. தலைவர் ஃபைலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீங்க மனுதாரர் சம்சாரம்தானே? மனையைப் பிரிக்கறது வேண்டாங்கிறீங்களா?"

"பிரிக்கணுங்க. ஆனா ஷெட்டை இடிச்சதுக்கு அப்புறம் முத்திரை வையுங்க. முன்னாடி வெச்சீங்கன்னா இவரு இடிக்க மாட்டாரு."

பெரிய மனுஷன் எழுந்தான். "சார், இது எங்க குடும்ப விஷயம். வீட்டுல பேசிக்கிறோம்."

"வீட்டுல பேசினா கேக்கற ஆளா நீங்க? நான் எதுக்கு இங்க வரேன்?" என்றாள். எங்கள் ஊமைக்கோட்டான்! மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அப்புறம் சொன்னாள். அவன் யாரோ ஒரு சிநேகிதனிடம் போனில் சொன்னதை: "நிபந்தனைன்னு எழுதுவாங்க, அப்புறம் எவன் வந்து பாக்கப் போறான்? முத்திரை விழுந்தா கடன் வந்துடும். ஷெட்டு பாட்டுக்கு ஷெட்டு நிக்கும். அவ பின்மனையை வெச்சு என்ன பண்ணுவா, துணி காயப்போடுவா." எங்கள் தெருக் கடைசி வீட்டிலும் இப்படித்தான் நடந்ததாம். ஒப்புதல் வாங்கி ஆறு வருஷமாகியும் வழியில் கோழிக்கூண்டு நிற்கிறதாம். பின்மனைக்காரர் இன்னும் ஏணி போட்டு மதில் ஏறித் தன் நிலத்துக்குப் போகிறாராம். அறையில் நாலைந்து பேர், ஆமா ஆமா என்றார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. மூளைக்காரி நான், கிளார்க்கின் பித்தானை எண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணன் என் காதில் பூ சுற்றியிருக்கிறான், நான் தலையை வாகாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதோடு முடிந்திருக்கலாம். தலைவருக்கு வாய் சும்மா இருக்குமா? சிரித்துக்கொண்டே, "நாத்தனார் மேல இவ்வளவு பாசமாம்மா? நல்ல குடும்பம்" என்றார்.

"பாசம் எல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து அவங்களும் நானும் ஒரே சமையலறை. உப்பு டப்பாவை நான் வலப்பக்கம் வெச்சா அவங்க இடப்பக்கம் மாத்தி வெப்பாங்க. என்னை ஒரு ஆளாவே அவங்க மதிச்சதில்ல. எனக்கு அவங்க போகணுங்க. வழி இல்லாட்டி எப்படிப் போவாங்க?"

அறையே சிரித்தது. ஜீப்பிலிருந்து இறங்காத அந்த ஆள் மேசையைத் தட்டிச் சிரித்தான். பின்வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் ரொம்ப எரிந்தது.

கமிட்டி குசுகுசுவென்று பேசியது. சாப்பாட்டு நேரம் வேறு நெருங்கிவிட்டது. நியாயத்தைவிடப் பசிக்கு வேகம் அதிகம். ஷெட்டை அகற்றி, நகராட்சி ஆள் வந்து அளந்து பார்த்த பிறகே முத்திரை. அடுத்த மனு!

வந்த காரிலேயே திரும்பினோம். மூன்று பேரும். அவன் ஓட்ட, அவள் பக்கத்தில், நான் பின்னால்.

வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். ஜெயித்திருக்கிறேன். அப்புறம் ஏன் அழுகை அழுகையாக வருது? மதிக்கலையாம். மதிக்கிற மாதிரி இவ என்ன பண்ணினா இத்தனை வருஷமா? மேசை துடைச்சா. டிவி பாத்தா.

இன்னிக்குப் பண்ணிட்டா.

ஏப்ரல் 9

காலையில் சமையலறையில் அவள் மட்டும்தான். போகாமலே இருந்திருக்கலாம். டீ வேண்டியிருந்தது.

"ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க?"

உங்களுக்கு என்ன தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன். அவளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. பாலை இறக்கிக்கொண்டே, "நேத்து அவ்வளவு பேருக்கு முன்னாடி உப்பு டப்பாவைப் பத்திப் பேசியிருக்க வேண்டாம். வாயில வந்துடுச்சு" என்றாள்.

"உப்பு இடப்பக்கம் இருந்தாத்தான் கைக்கு வாகு" என்றேன்.

"உங்களுக்கு. நீங்க இடதுகை."

டீயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் வலதுகை என்பதை நான் யோசித்ததே இல்லை. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் வலதுகைதான். அதற்காக எல்லோரையும் யோசித்துக்கொண்டிருக்க முடியுமா?

ஏப்ரல் 12

வீட்டில் யாரும் யாருடனும் பேசவில்லை. பெரிய மனுஷன் தட்டை நங்கென்று வைக்கிறான், அவள் அதில் சத்தமில்லாமல் பரிமாறுகிறாள். வீடு இவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

பின்வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். மதிலோரம் நின்று, வாய்க்குள்ளேயே. அவருக்குக் கேட்டிருக்காது. "எப்ப கட்ட ஆரம்பிக்கறீங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். நல்லவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

ஏப்ரல் 27

ஷெட் இடிந்தது! இடித்தவன் யார்? அவனே. வங்கி கழுத்தைப் பிடித்திருக்கிறது போல. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலையாட்களை விரட்டினான். "அந்தப் பக்கம் பிடிங்கப்பா, சீக்கிரம், சீக்கிரம்!" யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி வழியை அடைத்து வைக்கப் பார்த்தவன், இன்றைக்கு எப்போது வந்து எட்டிப் பார்ப்பார்கள் என்று நகராட்சிக்குப் போன் மேல் போன் போடுகிறான். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

மே 6

அளக்க வந்தது நாளைக்கு-வாங்க. டேப்புடன், அதே பித்தான் சட்டையுடன். பெரிய மனுஷன் வழியின் வாயிலில் ஒரு தூணை மட்டும் விட்டு வைத்திருந்தான்.

"தூண் நிக்குதே."

"அது ஒண்ணுதானே சார்? பின்னாடி ஒரு கேட்டு போட உதவும். கார் தாராளமா போகும்."

அடப்பாவி. கேட்டு போட்டு, அதற்கு ஒரு பூட்டும் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளப் பார்த்திருக்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் கிளார்க் டேப்பைச் சுருட்டிவிட்டார்.

"எடுத்துடுங்க. நாளைக்கு வரேன்."

கொஞ்ச நேரம் கெஞ்சினான். டீ என்றான், உட்காருங்க என்றான், எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் என்று ஆரம்பித்தான். அந்த மனிதர் அசையவே இல்லை. பித்தான் போடத் தெரியாதே தவிர, டேப் பிடிக்கத் தெரிந்திருக்கிறது. இத்தனை மாதம் என்னை இழுத்தடித்த அந்த மந்தம் இன்றைக்கு அண்ணன் மேல் போய் உட்கார்ந்ததில் எனக்குப் பரம சந்தோஷம்.

மே 7

வந்தார். சொன்ன நாளிலேயே வந்தார். தூண் இல்லை. அளந்தார். நாலு மீட்டர்.

மே 20

முத்திரை விழுந்தது. மங்கலாக. மையில்கூட என்ன கஞ்சத்தனம். இருந்தாலும் படிக்க முடிகிறது. பின்மனை என்னுடையது. தெருவிலிருந்து என் மனை வரைக்கும் போகிற வழி யாருடையதும் இல்லை, அதனால் என்னுடையதும்தான்.

வீட்டுக்கு வந்ததும் தெருவிலிருந்து பின்னால் வரைக்கும் நடந்து பார்த்தேன். வேலை ஒன்றும் இல்லை. சும்மா போனேன், வந்தேன், மறுபடி போனேன். அண்ணிக்காரி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாளா என்று சொல்ல முடியாது. அவள் முகத்தில் எதைக் கண்டுபிடிக்க முடிகிறது?

ஜூலை 15

கொத்தனாருக்கு நேர்க்கோடு என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மெழுகைப் போலச் செங்கல்லையும் உருக்கித் திருத்த முடிந்தால் நானே கட்டிவிடுவேன்.

அக்டோபர் 14

குடி வந்துவிட்டேன். ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு குளியலறை, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். சாமான்களைத் தெருப்பக்கமாக, என் வழியாகவே கொண்டுவந்தேன். வீட்டுக்குள் வழியாகக் கொண்டுபோனால் பாதி தூரம் மிச்சம் என்று வண்டிக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன்.

முன்வீட்டில் பெரிய மனுஷன் மாடி கட்டுகிறான், ஒரே தூசி. போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. அவனும் வெளியே வரவில்லை.

உப்பு இடப்பக்கம்தான். யாரும் மாற்றி வைக்கவில்லை.

அக்டோபர் 16

வாசலில் அண்ணிக்காரி.

ஓரத்து அறையில் இருந்தபோது ஒரு தடவையாவது கேட்டுவிட்டு உள்ளே வந்திருப்பாளா? நேராக வருவாள், துவைத்த துணியைக் கட்டில்மேல் போடுவாள், போவாள். இன்றைக்கு வெளியே நின்று, "வேலையா இருக்கீங்களா?" என்றாள்.

வேலை ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஆமா, கொஞ்சம் வேலை."

"சரி, அப்ப அப்புறமா வரேன்."

போய்விட்டாள். ஏன், என்ன வேலை என்று ஒன்றும் கேட்கவில்லை. நானும் காரணம் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தரை என் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆகா! ரொம்ப நேரம் கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

அக்டோபர் 17

வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

அக்டோபர் 19

லேபுக்கு லீவு. காலையிலிருந்து ஒருத்தர் குரலும் கேட்கவில்லை.

பெரிய மனுஷனின் மாடிப்படி முடிந்துவிட்டது. மேலே போய் முடிகிற இடத்தில் கதவு இல்லை, சுவர் இருக்கிறது. கதவு மூன்றடி தள்ளி இருக்கிறது. படியேறிப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்கிறான், இறங்குகிறான், கொத்தனாரைத் திட்டுகிறான், மறுபடி ஏறிப் பார்க்கிறான், சுவர் நகர்ந்திருக்குமோ என்று. என் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிகிறது. தனியாகச் சிரித்தேன். தனியாகச் சிரித்தால் சட்டென்று முடிந்துவிடுகிறது. இதை யாரிடம் சொல்ல? லேபில் சொன்னால் அவன் யார் என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒன்றும் விளக்காமல், இந்த மனுஷனைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதும் முழுசாப் புரியற ஆள் இந்த உலகத்துல ஒருத்திதான் இருக்கா. அவளும் இந்நேரம் சமையலறை ஜன்னல் வழியா அதே படியைத்தான் பாத்துட்டு இருப்பா. யார்கிட்ட சொல்லுவா, பாவம்?

ரெண்டு பேருக்கு டீ போட்டிருக்கேன். வெட்கமே இல்லை எனக்கு. கதவையும் திறந்து வெச்சிருக்கேன். அண்ணி இன்னும் வரலை.